"எவ்வளவு ஆகும்?" – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உழைப்புக்கும் கூலிக்கும் உள்ள உறவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தபோது, என் தொழிலில் அன்றாடம் நேரும் ஒரு சங்கடத்தை உங்களிடம் சொல்லத் தோன்றியது. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் ஆகியவற்றைப் பழுதுபார்த்துக் கொடுக்கிறேன். நானும் இரண்டு உதவியாளர்களும் மட்டுமே உள்ள சிறிய தொழில். தொலைபேசியில் அழைப்பவர்கள் என்ன பழுது என்று சொல்லும் முன்பே "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றால் அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள். குறைத்துச் சொன்னால் வேலை முடிந்தபின் தகராறு வருகிறது. கூட்டிச் சொன்னால் வேலையே வருவதில்லை. விரைவாக முடித்தால் "இருபது நிமிட வேலைக்கு இவ்வளவா?" என்கிறார்கள். வேறொருவர் இதைவிடக் குறைவாகச் செய்கிறார் என்பவர்களும் உண்டு. பழைய வாடிக்கையாளர்கள் சிலரிடம் நான்கு ஆண்டுகளாக ஒரே கட்டணம்தான் வாங்குகிறேன். உயர்த்திக் கேட்க வாய் வரவில்லை. நேர்மையாக வேலை செய்தும், ஒவ்வொரு முறையும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் இருக்கிறது. என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்தே தொடங்குகிறேன். குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் உணர்வதற்குக் காரணம், விலை கேட்பவரின் குரலில் ஒரு குற்றச்சாட்டு இருப்பதாக நீங்கள் எடுத்துக்கொள்வதுதான் என்று நினைக்கிறேன். நானும் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பையும் மெய்ப்புப் பார்ப்பதையும் தொழிலாகச் செய்தவன் என்பதால், அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் முகம் சுருங்கிப்போவதை நன்றாக அறிவேன். ஆனால் கேட்பவரின் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்தால், அவரால் கேட்க முடிந்த ஒரே கேள்வி அதுதான் என்பது புரியும்.

1970இல் ஃபிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர், வாங்குவதற்கு முன்பே சோதித்துத் தரம் அறியக்கூடிய பண்புகளையும், வாங்கிப் பயன்படுத்திய பிறகே அறியக்கூடிய பண்புகளையும் பிரித்துக் காட்டினார். 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் அதனுடன் மூன்றாவது ஒரு வகையைச் சேர்த்தனர். பயன்படுத்திய பிறகும் வாங்கியவரால் எளிதில் சரிபார்க்க முடியாத, நம்பிக்கையின் பேரில் மட்டுமே ஏற்றுக்கொள்ளக்கூடிய பண்புகள் அவை. பழுதுபார்க்கும் தொழில் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று. நீங்கள் சென்ற பிறகு வாஷிங் மெஷின் ஓடுகிறது என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையையே மாற்றியாக வேண்டியிருந்ததா, கழன்றுபோன ஒரு கம்பியைச் சொருகினாலே போதுமாயிருந்ததா என்பது அவருக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. இருட்டில் படியிறங்குபவர் கைப்பிடியைத் தேடுவதைப்போல, தனக்குப் புரியக்கூடிய ஒரே எண்ணை அவர் பற்றிக்கொள்கிறார். அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு சில கைப்பிடிகளையும் கொடுப்பதே உங்கள் பதிலின் வேலை.

தொலைபேசியில் "பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்பது உண்மையான பதில்தான் என்றாலும், கேட்பவரின் கையில் அது எதையும் கொடுப்பதில்லை. அதே உண்மையை வேறு விதமாகச் சொல்லலாம். தண்ணீர் வெளியேறவில்லை என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "பெரும்பாலும் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கும். வெளியேற்றும் பம்ப் பழுதாகியிருந்தால் உதிரிபாகம் உட்பட இவ்வளவு வரை ஆகும். வடிகட்டியில் அடைப்பு மட்டும்தான் என்றால் இவ்வளவில் முடிந்துவிடும். எது என்பதைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். வந்து பார்ப்பதற்கு இவ்வளவு. வேலையை என்னிடமே கொடுத்தால் அது மொத்தத் தொகையில் கழிந்துவிடும். பார்த்தபின் தொகையைச் சொல்வேன். நீங்கள் சம்மதித்த பிறகே வேலையைத் தொடங்குவேன்." இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. விலை எதனால் மாறுகிறது, எந்த எல்லையைத் தாண்டாது, முடிவெடுக்கும் உரிமை எந்தக் கட்டத்தில் தன்னிடம் திரும்பி வரும் என்பவை அவருக்குத் தெரிந்துவிடுகின்றன. இவற்றுள் கடைசியாகச் சொன்னதுதான் அச்சத்தைப் பெருமளவு போக்குகிறது என்பது என் அனுபவம்.

மேலே உள்ள பதிலில் பம்புக்கான பெரிய தொகையை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உளவியலாளர்களான ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு சோதனையை விவரிக்கிறார்கள். எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் விடைகளின் நடுமதிப்பு 25. 65இல் நின்றதைப் பார்த்தவர்களுடையது 45. கேள்விக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோதே முதல் எண் மனத்தை இப்படி இழுக்கிறது என்றால், தொழில் தெரிந்த நீங்களே சொல்லும் முதல் எண் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்று எண்ணிப் பாருங்கள். "இவ்வளவிலிருந்து தொடங்கும்" என்று நீங்கள் சொல்லும்போது, "தொடங்கும்" என்ற சொல் மறைந்துபோய் எண் மட்டும் நினைவில் தங்கிவிடுகிறது. வேலை முடிந்தபின் வரும் தகராறுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

மீதிப் பாதி எங்கே பிறக்கிறது என்பதை நான் தவறு செய்து கற்றுக்கொண்டேன். ஒருமுறை, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி ஒரு நீண்ட அறிக்கையை மொழிபெயர்க்க ஏற்றுக்கொண்டேன். பாதி வேலையில்தான் பின்பகுதி முழுவதும் நெருக்கமான அட்டவணைகள் என்று தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தயங்கி, வேலையை முடித்துக் கொடுக்கும்போது கூடுதல் தொகையைச் சேர்த்துக் கணக்குக் கொடுத்தேன். வேலை கொடுத்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் முழுவதையும் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் வரவே இல்லை. நான் கேட்ட தொகை நியாயமானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. ஆகவே, பழுது நினைத்ததைவிடப் பெரியது என்று தெரிந்த கணத்திலேயே கையை நிறுத்திவிட்டு வாடிக்கையாளரை அழைத்துக் காட்டுங்கள். நீங்கள் சொல்வது மதிப்பீடா, மாறாத தொகையா என்பதையும் ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்லி, இரண்டு வரியில் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். உங்கள் உதவியாளர்கள் இருவரும் அதே தொகையைத்தான் சொல்ல வேண்டும் என்பதால், அடிக்கடி வரும் வேலைகளுக்கேனும் ஒரு பட்டியல் எழுதி மூவரும் வைத்துக்கொள்வது நல்லது.

"இருபது நிமிட வேலைக்கு இவ்வளவா?" என்ற கேள்வி பழமையானது. ஓவியர் விஸ்லர், தன் ஓவியத்தைக் கடுமையாக இகழ்ந்து எழுதிய விமர்சகர் ரஸ்கின்மீது தொடுத்த அவதூறு வழக்கு 1878இல் லண்டனில் விசாரணைக்கு வந்தது. இரண்டு நாள் உழைப்புக்கா இருநூறு கினி (அக்கால ஆங்கிலேயப் பண அலகு) கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினவ, இல்லை, வாழ்நாள் முழுவதும் உழைத்துப் பெற்ற அறிவுக்காகக் கேட்கிறேன் என்று விஸ்லர் விடையளித்தார். இந்தப் பதிலைத் தொழில் செய்பவர்கள் விரும்பி எடுத்துச் சொல்வார்கள். அந்த வழக்கில் அவருக்கு இழப்பீடாகக் கிடைத்தது அன்றைய மிகச் சிறிய நாணயமான ஒரு ஃபார்த்திங் மட்டுமே என்பதையும், அடுத்த ஆண்டே அவர் திவாலானார் என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. உண்மையான பதில்தான், ஆனால் பணம் கொடுக்கப்போகிறவரிடம் நம் பெருமையைச் சொல்வதால் அவருடைய ஐயம் தீர்வதில்லை. கழற்றிய பழைய பாகத்தை அவர் கையில் கொடுங்கள். எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று காட்டுங்கள். எத்தனை நாளைக்குள் அதே பழுது வந்தால் கூலி வாங்காமல் செய்து தருவீர்கள் என்று சொல்லுங்கள். மணிக்கணக்கில் கூலி கேட்காமல் வேலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசியிருந்தால், விரைவாக முடித்ததற்காகத் தண்டனை பெறும் நிலையும் வராது. பத்து மணி நேரம் உழைக்கும் நாளில் பயணம், உதிரிபாகம் வாங்குதல், தொலைபேசி ஆகியவற்றுக்குப் போக ஆறு மணி நேரம்தான் கூலி கிடைக்கும் வேலையில் கழிகிறது என்றால், அந்த ஆறு மணி நேரம்தான் பத்து மணி நேரத்தையும் தாங்க வேண்டும். இந்தக் கணக்கை வாடிக்கையாளரிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் அதைப் போட்டுப் பார்த்திருந்தால் தொகையைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுக்காது.

வேறொருவர் குறைவாகச் செய்கிறார் என்பவரிடம் அந்த வேறொருவரைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள். தள்ளுபடி கேட்டால் உடனே இறங்கிவிடுவதற்கு முன் ஒரு கணக்கை நினைவில் கொள்ளுங்கள். 100 வாங்கும் இடத்தில் 70 செலவு போய் 30 மிஞ்சுகிறது என்றால், பத்து விழுக்காடு குறைத்ததும் மிஞ்சுவது 20 ஆகிவிடும்; பழைய வருவாயை எட்ட, இரண்டு வேலை செய்த இடத்தில் மூன்று வேலை செய்தாக வேண்டும். உண்மையிலேயே கொடுக்க இயலாதவருக்கு நீங்களாக விரும்பிக் குறைப்பது வேறு, அதை நான் மதிக்கிறேன். வற்புறுத்துபவருக்கு மட்டும் குறைப்பது, கேட்காமல் கொடுத்துவிட்டுப் போன மற்றவர்களுக்கு இழைக்கும் அநீதி.

கடைசியாக, உங்கள் பழைய வாடிக்கையாளர்கள். கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் கனடா மக்களிடம் தொலைபேசிவழிக் கேள்விகள் கேட்கப்பட்டன. பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் பனி அள்ளும் மண்வாரியின் விலையைக் கடைக்காரர் உயர்த்தியதை நியாயமற்றது என்று 82 விழுக்காட்டினர் சொன்னார்கள். கொள்முதல் விலை உயர்ந்ததால் அதே அளவுக்கு லெட்டூஸ் கீரையின் விலையை உயர்த்திய கடைக்காரரை 79 விழுக்காட்டினர் ஏற்றுக்கொண்டார்கள். விலை ஏறுவதை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். தங்கள் நெருக்கடியைப் பயன்படுத்தி ஏற்றுவதைத்தான் வெறுக்கிறார்கள். ஆகவே அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ நின்றுபோன நாளில் புதிய கட்டணத்தைச் சொல்லாதீர்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் அழைத்து, உதிரிபாகமும் எரிபொருளும் இந்த நான்கு ஆண்டுகளில் எவ்வளவு ஏறியிருக்கின்றன, எந்த மாதத்திலிருந்து உங்கள் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடுங்கள். நான்கு ஆண்டு உயர்வையும் ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு தவணையாக ஏற்றலாம். உங்களுக்கு மிக நெருக்கமானவரிடமிருந்தே தொடங்குங்கள். இத்தனை நாள் நீங்கள் கட்டணத்தை உயர்த்தவே இல்லை என்பது அவருக்கு அன்றுதான் தெரியவரும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்