வான்கோழி, மக்காச்சோளம், சொதி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் அமெரிக்கப் பண்டிகைகளைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம். பிள்ளைகள் அங்கே வேலையில் இருக்கிற வீடுகள் நம் பக்கம் பெருகிவிட்டன. அவர்கள் போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மாக்களும் அப்பாக்களும் எழுதுகிறார்கள். பாளையங்கோட்டையில் வரலாற்று ஆசிரியையாக இருந்த நாளிலிருந்தே எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு: பண்டிகைத் தட்டில் இருப்பதை யார் விளைவித்தார்கள், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கேட்டால் ஒரு நாட்டின் வரலாறு பாதி தெரிந்துவிடும். ஆகவே சில பதில்கள் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: என் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். நவம்பரில் ‘தேங்க்ஸ்கிவிங்’ என்று நாலு நாள் லீவு, வான்கோழி சமைத்தோம் என்கிறான். நம் சபையில் நடக்கிற அறுப்பின் பண்டிகையும் அதுவும் ஒன்றுதானா?* – வாசகி, வள்ளியூர்

ஒன்று இல்லை அம்மா, தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அறுவடை முடிந்ததும் கூடிச் சாப்பிடுகிற வழக்கம் இங்கிலாந்துக் கிராமங்களில் இருந்தது. அங்கிருந்து கப்பலேறிய ஒரு கூட்டம் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. பல தலைமுறை கழித்து மிஷனரிகள் நம் பக்கம் கொண்டுவந்தார்கள். நம் கோயிலில் வாழைத்தாரும் சேவலும் முதல் காய்ப்புத் தேங்காயும் காணிக்கையாக வந்து, ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்குப் போகும். ஒற்றைத் தேங்காயைச் சந்தை விலையைவிடப் பல மடங்கு கேட்டு எடுப்பார்கள், காசு சபைக்கு. அங்கே ஏலமும் கிடையாது, கோயிலுக்குப் போகவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அது முழுக்க வீட்டுப் பண்டிகை.

கதைக்கு வருவோம். 1620-ல் மேஃபிளவர் என்ற கப்பலில் 102 பேர் இன்றைய மாசசூசெட்ஸ் கரைக்குப் போனார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் செத்துப்போனார்கள். அவர்கள் பிளிமத் என்று பெயர் வைத்துக் குடியேறிய இடம் காலி மனை இல்லை. பட்டுக்ஸெட் என்று ஒரு ஊர் அங்கே இருந்தது. 1616 முதல் 1619 வரை, ஐரோப்பியர்கள் வந்துபோனதால் பரவிய கொள்ளைநோயில் அந்த ஊர் அழிந்துவிட்டது. திருத்திய வயல்கள் ஆளில்லாமல் கிடந்தன.

அந்த ஊரில் பிறந்தவர் டிஸ்குவான்டம். 1614-ல் ஒரு ஆங்கிலக் கப்பல்காரன் அவரை ஏமாற்றிப் பிடித்து, விற்பதற்காக ஸ்பெயினுக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து விடுபட்டு, இங்கிலாந்து போய், ஆங்கிலம் பேசக் கற்று, ஒருவழியாக 1619-ல் ஊர் திரும்பினார். ஊரில் யாருமே இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு மக்காச்சோளம் விதைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அந்த மனிதர்தான். வகுப்பில் இந்த இடம் வரும்போது என்னால் சட்டென்று அடுத்த பத்திக்குப் போக முடிந்ததே இல்லை.

1621 இலையுதிர் காலத்தில் விளைச்சல் வீடு வந்தது. மூன்று நாள் விருந்து நடந்தது. அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசோயிட் சுமார் 90 ஆட்களோடு வந்தார். உயிரோடிருந்த ஆங்கிலேயர்கள் சுமார் 50 பேர்தான். வந்தவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் அந்த டிசம்பரில் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. பறவைகள் சுட்டு வந்தார்கள் என்று எழுதியிருக்கிறாரே தவிர, வான்கோழி என்று சொல்லவில்லை. உருளைக்கிழங்கு அந்தக் கரைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. பூசணி இருந்தது, ஆனால் இன்றைக்குப் போல் ‘பை’ என்கிற பூசணிப் பலகாரம் சுட வெண்ணெயும் கோதுமை மாவும் வேண்டுமே! அதை நன்றி சொல்கிற நாளாகவும் அவர்கள் நினைக்கவில்லை. அவர்களுக்கு நன்றி நாள் என்றால் ஜெபம்தான். 1623 கோடையில் மழையில்லாமல் பயிர் வாடி, பிறகு மழை கொட்டியபோது அப்படி ஒரு நாள் வைத்தார்கள். வானம் பார்த்த பூமியில் பிறந்த நமக்கு அந்த ஜெபத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்த விருந்தை வெகுகாலம் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நன்றி நாளை நாடு முழுவதற்கும் பொதுவான பண்டிகையாக்கப் பாடுபட்டவர் ஒரு பெண், சாரா ஜோசஃபா ஹேல். 1822-ல் கணவர் இறந்தபோது அவர் கையில் ஐந்து குழந்தைகள். எழுதித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1837-லிருந்து 1877 வரை பெண்கள் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியராக இருந்துகொண்டு, நாடு முழுவதும் ஒரே நாளில் நன்றிப் பண்டிகை வேண்டும் என்று ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் வருஷா வருஷம் எழுதினார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1863-ல் லிங்கன் சம்மதித்தார்: நவம்பர் கடைசி வியாழன். 1939-ல் ரூஸ்வெல்ட் வியாபாரிகளுக்குக் கூடுதல் நாள் கிடைக்கட்டும் என்று அதை ஒரு வாரம் முன்னால் நகர்த்த, சில மாநிலங்கள் ஒரு நாளிலும் மற்றவை வேறொரு நாளிலும் கொண்டாடின. கடைசியில் 1941-ல் நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டார்கள். வியாழன், அதற்கு அடுத்த வெள்ளி, சனி, ஞாயிறு – உங்கள் மகனின் நாலு நாள் கணக்கு அதுதான்.

மாசசோயிட்டின் குடும்பம் என்ன ஆனது? அதையும் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனசு வராது. 1675-ல் குடியேறியவர்களுக்கும் அந்த மக்களுக்கும் போர் மூண்டது. மாசசோயிட்டின் மகன் மெட்டாகாமை 1676-ல் கொன்று, தலையை அதே பிளிமத்தில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். வருஷக்கணக்கில் அது அங்கேயே இருந்தது. அவருடைய சின்ன மகனை அடிமையாக விற்றார்கள். 1970-லிருந்து ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பூர்வகுடி மக்கள் பிளிமத்தில் கூடித் துக்கநாள் அனுசரிக்கிறார்கள். உங்கள் பேரப்பிள்ளைகளிடம் இதையும் பேசுங்கள் அம்மா. அவர்கள் வளரப்போகிற மண் அது.

*கேள்வி: எங்கள் கரிசலில் மக்காச்சோளம் போடுகிறோம், எல்லாம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அமெரிக்காவில் இது பண்டிகைச் சாப்பாடு என்கிறார்களே, நிஜமா?* – விவசாயி, கோவில்பட்டி பக்கம்

நிஜம் அண்ணாச்சி. மெக்சிகோவில் ஏறக்குறைய 9,000 வருஷத்துக்கு முன் ஒரு காட்டுப்புல்லிலிருந்து பக்குவப்படுத்தி எடுத்த பயிர் இது. அங்கிருந்து வடக்கே போன சோளத்தைப் பல பூர்வகுடி மக்கள் விதைத்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். பாத்தி கிடையாது. மண்ணைக் குவித்துச் சின்னச் சின்ன மேடாக்கி, ஒவ்வொரு மேட்டிலும் சில விதைகள். சோளம் கொஞ்சம் உயர்ந்ததும் அதன் காலடியில் பீன்ஸ், சுற்றிலும் பூசணி. பீன்ஸ் கொடி சோளத்தட்டையைப் பற்றி ஏறும், வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். மூன்று சகோதரிகள் என்று அதற்குப் பெயர். நீங்கள் ஊடுபயிராக உளுந்து போடுவதும் இதே கணக்கில்தானே.

அவர்களுக்கு இன்னொரு கைப்பக்குவமும் தெரியும். மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரிலும், வடக்கே சாம்பல் தண்ணீரிலும் வேகவைத்து, தோலைக் கழுவிவிட்டுத்தான் அரைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நயாசின் என்ற சத்து உடம்பில் சேரும். பயிரை வாங்கிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் பக்குவத்தை வாங்கவில்லை. அமெரிக்கத் தெற்கில் சோளமாவும் பன்றிக் கொழுப்பும் வெல்லப்பாகுமே சாப்பாடாக இருந்த ஏழைக் குத்தகைக் குடிகளுக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, புத்தி தடுமாறி, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இது தொற்றுநோய் என்று டாக்டர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். 1914-லிருந்து அதை ஆராய்ந்த ஜோசஃப் கோல்ட்பர்கர் என்ற அரசாங்க டாக்டர், சாப்பாட்டுக் குறைதான் என்று நிரூபிக்க, நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார். அவருக்கு நோய் வரவில்லை. கைப்பிடி சுண்ணாம்பின் அருமை அவ்வளவு!

தேங்க்ஸ்கிவிங் அன்று சோள ரொட்டி பல வீடுகளில் உண்டு. நம்மிடமும் மக்காச்சோளம் மனிதர்கள் சாப்பாடாக வந்திருக்கிறது. அறுபதுகளில் கேர் என்ற தொண்டு நிறுவனம் மூலம் அமெரிக்காவிலிருந்து வந்த சோளமாவில் பள்ளிக்கூடங்களில் உப்புமா கிண்டிப் போட்டார்கள். மஞ்சள் நிறம், மேலே கொஞ்சம் கடுகு தாளித்த வாசனை. வரிசையில் தட்டோடு நின்று அதைச் சாப்பிட்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி. 2018-ல் உங்கள் வயலை அரித்த படைப்புழுவும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான், அண்ணாச்சி. பயிரின் பின்னாலேயே அதன் பூச்சியும் வந்துசேர்ந்துவிட்டது.

*கேள்வி: ஹாலோவீனுக்குப் பூசணியில் முகம் வெட்டுகிறார்களே, நம் திருஷ்டிப் பூசணி மாதிரியா?* – கல்லூரி மாணவர், தென்காசி

பார்க்க அப்படித் தெரியும் தம்பி, ஆனால் சம்பந்தம் இல்லை. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஐரிஷ் மக்கள் பெருகிய பிறகு, அந்த வழக்கம் அங்கே பரவியது. டர்னிப்பைவிடப் பெரிய, குடைய எளிதான பூசணி அந்த மண்ணிலேயே கிடைத்தது. ஹாலோவீன் வருகிற அக்டோபர் 31 என்பது சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முந்தின இரவு. நவம்பர் 2 அன்று உவரியிலும் மணப்பாட்டிலும் கல்லறைகளைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றுகிறார்களே, அந்தத் திருநாளும் இதே வரிசையில் வருவதுதான்.

*கேள்வி: என் தங்கை அமெரிக்காவில் நர்ஸ். புத்தாண்டு அன்று கூட வேலை செய்கிற கறுப்பினத் தோழிகள் தட்டப்பயறும் சோறும் கொண்டுவந்தார்களாம். பணம் சேரும் என்றார்களாம். இதற்கு ஏதாவது கதை உண்டா?* – வாசகி, நாசரேத்

பெரிய கதை. அந்தச் சாப்பாட்டுக்கு ஹாப்பின் ஜான் என்று பெயர். பயறு நம் தட்டப்பயறேதான், கண் மட்டும் கறுப்பாக இருக்கும். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அடிமைக் கப்பல்களில் மனிதர்களோடு பயறும் போனது. வெண்டைக்காயும் அப்படித்தான். தெற்குக் கரோலினாவில் நெல் விளைந்து வெள்ளைக்கார முதலாளிகள் கோடீஸ்வரர் ஆனதற்குப் பின்னால், மேற்கு ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்டவர்களின் உழைப்பும் அறிவும் இருந்தன. சேற்றில் நிற்பது, மடை திறப்பது, உரலில் குத்துவது எல்லாம் அவர்கள் கை. தாமிரபரணிப் பாசனத்தில் வேலை செய்த கைகளுக்கு அந்த வேலையின் கனம் தெரியும்.

ஜனவரி 1 அவர்களுக்கு ஒரு காலத்தில் பயங்கரமான நாள். அன்றுதான் எஜமானர்கள் கணக்குப் பார்த்து அடிமைகளை விற்பார்கள், வாடகைக்கு அனுப்புவார்கள். தாயும் பிள்ளையும் பிரிவார்கள். 1862 டிசம்பர் 31 இரவு கறுப்பின மக்கள் கோயில்களில் கூடி விழித்திருந்தார்கள். மறுநாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடப்புக்கு வரவேண்டும். நம் சபைகளில் வருஷக் கடைசி ராத்திரி ஆராதனைக்குப் போகிறோம். அவர்களும் இன்றுவரை போகிறார்கள். அவர்களுக்கு அந்த ராத்திரிக்கு இப்படி ஒரு ஞாபகமும் கூட இருக்கிறது. பயறு காசு, உடன் வைக்கிற கீரை நோட்டு என்று சொல்வது நம்பிக்கை. உங்கள் தங்கையை அடுத்த வருஷம் நம் வீட்டுத் தட்டப்பயறுக் குழம்பு வைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தோழிகள் பயறை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

*கேள்வி: அமெரிக்கப் பண்டிகைச் சாப்பாட்டில் சிலது கம்பெனிகள் உண்டாக்கியது என்று படித்தேன். அதையெல்லாம் மரபு என்று சொல்லலாமா? நம் சொதி போலப் பரம்பரையாக வந்ததுதானே மரபு?* – வாசகர், பாளையங்கோட்டை

நீங்கள் படித்தது பச்சை பீன்ஸ் கேசரோலாக இருக்கும். 1955-ல் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையல் கூடத்தில் டோர்கஸ் ரெய்லி என்ற பெண்ணின் கையில் உருவானது. பீன்ஸ், காளான் சூப் டின் ஒன்று, பால், கொஞ்சம் சோயா சாஸ், மிளகு, மேலே பொரித்த வெங்காயம். சூப் விற்பதற்காகத்தான் செய்தார்கள். ஆனால் எழுபது வருஷமாக அம்மாக்கள் செய்து பிள்ளைகள் சாப்பிட்டு, அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்கும் செய்துவிட்டார்கள். அது மரபுதான் என்பது என் தீர்மானம்.

சொதிக்கு வருவோம். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற குழம்பு, கூட இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், இஞ்சி – இவை இங்கே ரொம்பப் பழையவை. கூடப் போடுகிற உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் வளர்த்தது. பீன்ஸும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். காரத்துக்குப் போடுகிற பச்சை மிளகாய் போர்த்துக்கீசியர் காலத்தில் கடல் தாண்டி வந்தது. பாதிச் சட்டி அந்தப் பூர்வகுடிகள் கொடுத்தது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன், மரியாதையோடு. உருளைக்கிழங்கும் பீன்ஸும் போடாமல் சொதி வைத்த ஆச்சிகள் யார் வீட்டிலாவது இருந்தால், அவற்றுக்குப் பதில் என்ன காய் போட்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சேர்த்துவிடுகிறேன்.