ஸ்டாக் எஞ்சினுக்கு நைட்ரஸ்: கேட்டவையும் சொன்னவையும்

பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் இருபத்திரண்டு வருஷமாக எஞ்சின் வேலை பார்க்கிறேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் எஞ்சினில் நைட்ரஸ் (பவரைக் கூட்ட எஞ்சினுக்குள் விடும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு) கிட் போடுவது பற்றி நம்ம ஆட்கள் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அல்சூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நைட்ரஸ் பெட்ரோலைவிட வேகமாக எரியுமா? அதனால்தான் அவ்வளவு பவரா?

நைட்ரஸ் தானாக எரியவே எரியாது தம்பி. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் 23 சதவீதம்தான். சிலிண்டருக்குள் 300 டிகிரி சூட்டுக்கு மேல் அது உடைந்து ஆக்சிஜனை விடும். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரஸ் என்றால் 9.6 கிலோ போதும். போகிற வழியில் ஆவியாகி உள்ளே வரும் காற்றையும் குளிர்விக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் காற்று மெலிந்த உயரத்தில் இதைத்தான் பயன்படுத்தின.

ஆக, கூடுதல் பவர் வருவது கூடுதல் பெட்ரோலிலிருந்து. அந்தப் பெட்ரோல் வந்து சேராமல் நைட்ரஸ் மட்டும் போனால் பிஸ்டன் போச்சு. நான் திறந்து பார்த்த உடைந்த எஞ்சின்களில் முக்கால்வாசி இந்தக் கதைதான்.

1.5 லிட்டர் ஹோண்டா சிட்டி வைத்திருக்கிறேன். 100 ஷாட் (100 குதிரைத்திறன் கூட்டித் தரும் அளவு நைட்ரஸ்) தாங்குமா?

தாங்காது. 35 குதிரைத்திறன் ஜெட்டில் (எவ்வளவு பாய வேண்டும் என்று முடிவு செய்யும் சின்னத் துளை) ஆரம்பியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 50. ஸ்டாக் பிஸ்டனோடு நான் அதற்கு மேல் போகமாட்டேன்.

கிட் வாங்கும் முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். நாலு சிலிண்டருக்கும் இடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பணத்தை முதலில் எஞ்சினுக்குச் செலவு செய்யுங்கள். பெட்ரோல் ஃபில்டர் புதுசு, பம்ப் பிரஷர் முழு ஆக்சிலேட்டரிலும் இறங்காமல் நிற்க வேண்டும். 95 ஆக்டேனுக்குக் குறைந்த பெட்ரோலில் பட்டனைத் தொடாதீர்கள்.

டிரை கிட்டா, வெட் கிட்டா?

டிரை கிட்டில் நைட்ரஸ் மட்டும் உள்ளே போகும். கூடுதல் பெட்ரோலை வண்டியின் இன்ஜெக்டரே தர வேண்டும். அதற்கு ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டியூனிங் வேண்டும், இன்ஜெக்டரின் திறனில் மிச்சமும் இருக்க வேண்டும். வெட் கிட்டில் இரண்டும் ஒரே நாசிலில் சேர்ந்து வரும். முதல் தடவை போடுகிறவர்களுக்கு நான் வெட் கிட்தான் போட்டுத் தருகிறேன். நாசிலை த்ராட்டிலுக்கு முன்னால், குழாய் நேராக இருக்கும் இடத்தில் வையுங்கள். வளைவில் வைத்தால் பெட்ரோல் சுவரில் ஒட்டித் தேங்கும்.

இப்போது எல்லா பங்க்கிலும் இ20 பெட்ரோல்தானே? அதனால் ஏதாவது மாற்ற வேண்டுமா?

நல்ல கேள்வி. கட்டாயம் மாற்ற வேண்டும். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால். அது கலந்ததால் அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் தேவை: 14.7 என்ற கணக்கு இ20யில் ஏறக்குறைய 13.5 ஆகிவிடும். வெளிநாட்டுக் கிட்டோடு வரும் ஜெட் அட்டவணை பெரும்பாலும் சுத்தப் பெட்ரோலுக்குப் போட்டது. அதை அப்படியே போட்டால் எஞ்சின் எட்டு சதவீதம் பெட்ரோல் பற்றாக்குறையோடு ஓடும். பெட்ரோல் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, சைலன்ஸர் பைப்பில் வைட்பேண்ட் சென்சார் (புகையிலிருந்து காற்று-பெட்ரோல் கலவையை அளப்பது) மாட்டிப் பாருங்கள். லாம்டா 0.8 பக்கம் நிற்க வேண்டும் (1 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம்). அந்த மீட்டர் இல்லாமல் நைட்ரஸ் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான்.

நம்ம ஊர் கிளைமேட்டுக்குப் பாட்டில் ஹீட்டர் தேவையா சார்?

இதை விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் நிறையப் பேர் கவனிப்பதில்லை.

பாட்டிலில் நைட்ரஸ் திரவமாக இருக்கிறது. அதன் பிரஷரை முடிவு செய்வது வெப்பநிலை. 900 முதல் 950 பிஎஸ்ஐ இருந்தால் ஜெட் அட்டவணை சொன்னபடி வேலை செய்யும்; 30 டிகிரி வெயிலில் அது தானாகவே வந்துவிடும். பெங்களூரு டிசம்பர் காலையில் 16 டிகிரி என்றால் பிரஷர் 650 பக்கம்தான். நைட்ரஸ் குறைவு, பெட்ரோல் அதே அளவு. புகை கறுப்பாக வரும், பவர் வராது. மதியம் வெயிலில் நிறுத்தினால் டிக்கிக்குள் 50 டிகிரி எளிதில் தாண்டும். 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே இருக்காது, பிரஷர் கிடுகிடுவென ஏறும்.

2014இல் எனக்கே இது நடந்தது. ஜனவரி விடியற்காலையில் இங்கே ட்யூன் செய்த வண்டி. பிரஷர் குறைவாக இருந்ததால் கலவையில் பெட்ரோல் அதிகம் என்று நினைத்துப் பெட்ரோல் ஜெட்டைச் சின்னதாக்கினேன். அதே வண்டியை சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் கொண்டுபோனோம். அங்கே வெயிலில் பிரஷர் ஏறி நைட்ரஸ் அதிகமாகப் போனது, பெட்ரோல் போதவில்லை. மதியம் இரண்டாவது ஓட்டத்தில் சத்தம் மாறியது. மூன்றாம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்பும் வெள்ளியுமாகப் புள்ளிகள். அந்த வெள்ளி, பிஸ்டனின் அலுமினியம். அதற்கப்புறம் கேஜில் 900 பார்க்காமல் ஜெட்டில் கை வைத்ததே இல்லை.

ஆகவே ஹீட்டர் வேண்டும், தெர்மோஸ்டாட் உள்ள மின்சார உறைதான். தீ, ப்ளோ டார்ச், ஹாட் கன் எதுவும் பாட்டில் பக்கத்தில் வரக்கூடாது. 2007இல் அமெரிக்காவின் மொஹாவியில் ராக்கெட்டுக்காக நைட்ரஸ் சோதனை செய்தபோது வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அங்கே எஞ்சின்கூட ஓடவில்லை, நைட்ரஸ் பாயவிட்டுப் பார்த்ததுதான். இணைப்புகளில் கிரீஸ், எண்ணெய் தடவவும் கூடாது.

எலக்ட்ரிக்கல் வேலையில் எதை விடக்கூடாது?

ஆர்ம் சுவிட்ச் (மொத்த அமைப்பையும் ஆன் செய்வது), ரிலே, ஃபியூஸ் எல்லோரும் போடுவார்கள். விட்டுவிடுவது மற்ற மூன்றை. ஆக்சிலேட்டர் முழுசாக அழுத்தினால் மட்டும் வேலை செய்யும் சுவிட்ச் ஒன்று. பெட்ரோல் பிரஷர் இறங்கினால் நைட்ரஸை நிறுத்தும் சுவிட்ச் இன்னொன்று. மூன்றாவது, ஆர்பிஎம் விண்டோ சுவிட்ச்: 3000க்குக் கீழேயும் ரெட்லைன் (எஞ்சின் சுற்றக்கூடிய உச்ச வேகம்) பக்கத்திலும் சொலினாய்டு, அதாவது நைட்ரஸைத் திறந்துவிடும் மின் வால்வு, திறக்கவே கூடாது. நைட்ரஸ் ஒரு வினாடிக்கு ஒரே அளவுதான் பாயும். 6000த்தில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் போவதைப்போல நாலு மடங்கு 1500இல் போய் உட்காரும். கனெக்டிங் ராட் வளையும். தேங்கிய பெட்ரோல் பற்றினால் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு சிதறும்.

பிளக் மாற்றணுமா அண்ணா?

ஒரு படி கோல்டான (சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும்) பிளக், இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து. என்ஜிகேயில் எண் ஏற ஏறக் கோல்டு. போஷில் எண் குறையக் குறையக் கோல்டு. குழப்பி எதிர்மாறாக வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) 50 ஷாட்டுக்கு 2 டிகிரி பின்னால் தள்ளுங்கள்.

சிஎன்ஜி சிலிண்டர் பக்கத்திலேயே நைட்ரஸ் பாட்டிலை வைக்கலாமா?

வேண்டாம். எரியும் வாயுவையும் அதை எரியவைக்கும் வாயுவையும் ஒரே டிக்கியில் வைக்க நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

போலீஸ் பிடித்தால் என்ன ஆகும்? நைஸ் ரோட்டில் (பெங்களூருவின் சுங்கச்சாலை) மட்டும்தான் ஓட்டுவேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும். நைஸ் ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டு போகிறவர் உங்கள் பந்தயத்தில் பெயர் கொடுக்கவில்லை. டிராக்குக்கு டோ செய்து கொண்டுபோங்கள். ரோட்டுக்காகக் கேட்பவர்களுக்கு நான் கிட் மாட்டித் தருவதில்லை.

சிவாஜிநகரிலிருந்து ஒரு அம்மா: என் பையன் டிக்கியில் நைட்ரஸ் பாட்டிலோடு வருகிறான். பேரப்பிள்ளைகள் அந்தக் காரில் போகலாமா?

பாட்டில் உள்ளே இருக்கும்போது ஏற்றாதீர்கள் அம்மா. கசிந்தால் மூடிய காருக்குள் மூச்சுக்காற்றின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலை சுற்றும், மயக்கம் வரும். கைபட்டால் உறைந்து புண்ணாகும். பாட்டில் வால்வில் பிரஷர் மிஞ்சினால் உடையும் தகடு ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் காருக்கு வெளியே போகிறதா என்று பையனைக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழு பாட்டிலும் டிக்கிக்குள்ளேயே கொட்டும். பாட்டில் கழுத்தில் சோதனைத் தேதி முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் அதை நிரப்பவே கூடாது. ஸ்கூலுக்குப் போகிற நாளில் பாட்டிலைக் கழற்றி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் சங்கிலி போட்டு நிறுத்தட்டும். கழற்ற இரண்டு கிளாம்ப், ஒரு நட்டு. பத்து நிமிஷ வேலை. அவனுக்குத் தெரியாவிட்டால் காரோடு என்னிடம் அனுப்புங்கள், நான் காட்டித் தருகிறேன்.