கரண்டியைக் கீழே வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காலை உணவில் புரதம் கூட வேண்டும் என்று இரண்டு மாதங்களாகக் கோழிக் கொத்திறைச்சி, உருளைக்கிழங்கு, குடைமிளகாய், காளான் சேர்த்து ஹாஷ் (எல்லாவற்றையும் வாணலியில் சேர்த்து வறுக்கும் உணவு) செய்து வருகிறேன். ஒரு தட்டில் 40 கிராம் புரதம் வர எவ்வளவு இறைச்சி வேண்டும்? புரதப் பொடி கலக்கலாமா? காளானை எப்போது சேர்ப்பது? எவ்வளவு கிளறினாலும் கூழாகவே வருகிறது. அதையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பச்சையாக எடைபோட்ட 150 கிராம் கொழுப்பு குறைந்த கோழிக் கொத்திறைச்சியில் ஏறத்தாழ 30 கிராம் புரதம் இருக்கும். இரண்டு முட்டைகளில் சுமார் 12. நீங்கள் கேட்ட 40 வந்துவிட்டது. பொடியை வாணலிக்கு அருகில் கொண்டுவராதீர்கள்.

'எவ்வளவு கிளறினாலும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். நேற்றுக் காலை அவசரத்தில் நானும் அதே கூழைச் செய்து, என் கைமீதே கோபம் கொண்டிருந்தேன். கிளறுவதால்தான் அது கூழாகிறது ஐயா! தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். இறைச்சியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு அதற்கு மேல் ஏறாது. பொன்னிறத்தையும் மணத்தையும் கொடுக்கும் வினையோ, 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விவரித்தது, 140 பாகையை ஒட்டித்தான் வேகம் பிடிக்கிறது. இடையிலுள்ள அந்த 40 பாகையைக் கடக்க விடாமல், சிறிய வாணலியில் எல்லாவற்றையும் குவித்து, அரை நிமிடத்திற்கு ஒருமுறை புரட்டி, அடியில் சூடேறிய பக்கத்தை மேலே தூக்கி ஆறவைக்கிறீர்கள். அது வறுவல் அல்ல, மூடியில்லாத அவியல்.

இளம் வயதில் ஓர் உணவகச் சமையலறையில் சில மாதங்கள் எடுபிடியாக இருந்தேன். அங்கிருந்த மூத்த சமையற்காரர் ஒருநாள் என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி உயரமான அலமாரியில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாணலியைக் கேள் என்றார். ஈரம் இருக்கும்வரை சளசளவென்று தாழ்ந்து ஒலிக்கும். ஈரம் வற்றியதும் அதே வாணலி சடசடவென்று வறண்டு பேசும். அந்த மாற்றம் கேட்கும்வரை கரண்டி எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதற்கு முன் நான் செய்திருந்த கூழை என்னையே சாப்பிடவும் வைத்தார். ஆகவே இரண்டு மாதங்களாக அதை நீங்கள் விழுங்கி வருவதைப் படித்தபோது சிரிக்கத் தோன்றவில்லை.

உருளைக்கிழங்கை முந்தைய இரவே முக்கால் பதமாக வேகவைத்து, ஆவி அடங்கியதும் குளிர்பெட்டியில் மூடாமல் வையுங்கள், மேற்பரப்பு உலர்ந்துவிடும். காலையில் அகலமான கனத்த வாணலியில் இறைச்சியை மெல்லிய அடையாகப் பரப்பி, நான்கு நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு திருப்பி உடையுங்கள். கோழி என்பதால் உள்ளே 74 பாகை எட்டியாக வேண்டும். மெல்லிய அடையில் அது விரைவிலேயே எட்டிவிடும். இறைச்சியை வழித்தெடுத்த பிறகே கிழங்கும் குடைமிளகாயும். எல்லாம் சேர்ந்த பின் குழி பறித்து முட்டையை உடைத்து ஊற்றி மூடுங்கள்.

காளானைப் பற்றியும் ஏதோ கேட்டிருந்தீர்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தனியாக வறுத்து, கடைசியில் சேர்த்துவிடுங்கள்.