ஐந்து நாளில் அந்தமான் ஸ்கூபா: திரும்பும் விமானத்திலிருந்து திட்டமிடுங்கள்

கேள்வி: நானும் என் மனைவியும் கோவையில் வசிக்கிறோம். ஐந்து நாள் விடுப்பில் ஹேவ்லாக் தீவுக்குச் சென்று ஸ்கூபா டைவிங் செய்ய விரும்புகிறோம். எனக்கு நீச்சல் தெரியும், மனைவிக்குத் தெரியாது. விமானக் கட்டணம் நீங்கலாக இருவருக்கும் சேர்த்து 50,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். ஜூலையில் எல்லாமே மலிவு என்கிறார்கள், அப்போது போகலாமா? இந்த ஐந்து நாளிலேயே நான் ஓப்பன் வாட்டர் சான்றிதழும் பெற முடியுமா?

பதில்: ஜூலையைத் தவிர்த்துவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலைக் கொந்தளிக்க வைக்கும். அந்த மாதங்களில் விடுதி வாடகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் கடல் கலங்கி நீருக்கடியில் பார்வைத் தெளிவு குறைந்திருக்கும், தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களும் வானிலை காரணமாக அவ்வப்போது ரத்தாகும். பத்து நாள் விடுப்பு இருப்பவருக்கு ஒரு நாள் வீணாவது பெரிதல்ல. ஐந்து நாள் மட்டுமே இருப்பவருக்கு அதுவே பயணத்தின் ஐந்தில் ஒரு பங்கு. கடல் அமைதியாக இருப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. பள்ளித் தேர்வுகள் நடக்கும் பிப்ரவரி இறுதியும் மார்ச்சும் குடும்பக் கூட்டம் குறைந்த காலம் என்பதால், நல்ல கடலும் ஓரளவு மிதமான கட்டணமும் ஒன்றாக அமையும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். உங்களுக்குக் குழந்தைகளின் பள்ளி விடுமுறை என்ற கட்டாயம் இல்லையென்றால் அந்த வாரங்களையே பரிந்துரைப்பேன்.

பெரும்பாலானோர் பயணத் திட்டத்தைப் புறப்படும் நாளிலிருந்து எழுதத் தொடங்குகிறார்கள். ஸ்கூபா பயணத்தைத் திரும்பும் விமானத்தின் நேரத்திலிருந்து பின்னோக்கித்தான் எழுத வேண்டும். நீருக்கடியில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடல் திசுக்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல நுரையீரல் வழியாக வெளியேறும். அதற்குச் சில மணி நேரம் அவகாசம் தேவை. விமானம் பறக்கும்போது அதன் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டியின் உயரத்தில் இருக்கும் அழுத்தத்தை ஒத்தது. நைட்ரஜன் முழுமையாக வெளியேறும் முன் அந்தக் குறைந்த அழுத்தத்துக்குப் போனால், அது உடலுக்குள் குமிழிகளாகி மூட்டு வலியில் தொடங்கி நரம்பு மண்டலப் பாதிப்பு வரை கொண்டுசெல்லக்கூடும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி, ஒரே ஒரு சாதாரண முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாட்கள் முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. தீவிலுள்ள பல மையங்கள் 24 மணி நேரத்தையே வலியுறுத்துகின்றன. நீங்களும் 24 மணி நேரத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.

இதைத் தேதிகளில் பொருத்திப் பாருங்கள். ஐந்தாம் நாள் காலை உங்கள் விமானம் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கிளம்புகிறது (போர்ட் பிளேயரின் 2024-க்குப் பிந்தைய பெயர் இது, பேச்சு வழக்கில் இன்னும் பழைய பெயர்தான் அதிகம் புழங்குகிறது). அப்படியானால் நான்காம் நாள் இரவு அந்த ஊரிலேயே தங்கியிருக்க வேண்டும். ஹேவ்லாக்கில் தங்கிவிட்டு மறுநாள் காலைக் கப்பலில் வந்து விமானம் பிடிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். அந்தக் கப்பல் ஒரு மணி நேரம் தாமதமானாலே விமானத்தைத் தவறவிட நேரிடும். ஆகவே நான்காம் நாள் கப்பலுக்கு, மூன்றாம் நாள் காலை கடைசி முக்குளிப்புக்கு, இரண்டாம் நாள் முதல் முக்குளிப்புக்கு என்றாகிறது. முதல் நாள், சென்னையிலிருந்து அதிகாலை விமானத்தைப் பிடித்தால் சுமார் இரண்டே கால் மணி நேரத்தில் இறங்கி, அன்று பிற்பகல் கப்பலிலேயே ஹேவ்லாக் சேர்ந்துவிடலாம். அதற்கு முந்தைய இரவே நீங்கள் சென்னையில் இருந்தாக வேண்டும். செல்லுலார் சிறையைக் காண நான்காம் நாள் மாலை போதும்.

சான்றிதழ் பற்றிய உங்கள் கேள்விக்கு இந்த நாட்கணக்கே பாதி விடை சொல்லிவிடுகிறது. ஓப்பன் வாட்டர் பயிற்சிக்குப் பாட வகுப்பு, ஆழமற்ற நீரில் செய்முறைப் பயிற்சி, கடலில் 4 முக்குளிப்புகள் என மூன்று முதல் நான்கு நாட்கள் தேவை. உங்களுக்கோ தீவில் முழுதாகக் கிடைப்பது இரண்டே நாட்கள். அவசரமாக முடித்துத் தருவதாக எவரேனும் சொன்னால் விலகிவிடுங்கள். 18 மீட்டர் ஆழம் வரை பயிற்றுநர் இல்லாமல் ஒரு துணையுடன் இறங்கும் தகுதியைத் தரும் பயிற்சி அது. அதில் சுருக்குவழி கூடாது. ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு நல்ல வழி இருக்கிறது. பாடப் பகுதியை இணையத்தில் வீட்டிலிருந்தே படித்து, நீச்சல்குளப் பயிற்சியை ஊருக்கு அருகிலுள்ள மையத்தில் முடித்து, அவர்கள் தரும் பரிந்துரைப் படிவத்துடன் சென்றால், கடல் முக்குளிப்புகள் நான்கை மட்டும் அந்தமானில் இரண்டு நாளில் முடிக்கலாம். முக்குளிப்புச் சான்றிதழ் வழங்கும் பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. ஆகிய இரண்டு அமைப்புகளிலுமே இந்த ஏற்பாடு உண்டு. புதுச்சேரியிலும் சென்னையிலும் பயிற்சி மையங்கள் இருப்பதால், ஒரு வார இறுதியை அதற்கு ஒதுக்கினால் போதும். தீவிலுள்ள மையம் அந்தப் படிவத்தை ஏற்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் மனைவிக்கு ஏற்றது, சான்றிதழ் இல்லாதவர்கள் பயிற்றுநரின் பிடியிலேயே 12 மீட்டருக்கு மிகாமல் இறங்கும் அறிமுக முக்குளிப்பு. இதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதலில் இடுப்பளவு நீரில் நிற்க வைத்து, ரெகுலேட்டரை (உருளையிலிருந்து காற்றை வாய்க்குத் தரும் கருவி) வாயில் கவ்வி வாயால் மட்டும் மூச்சு விடுவது, மாஸ்க்குக்குள் நீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, கை சைகைகள் ஆகியவற்றைச் சொல்லித் தருவார்கள். கட்டை விரலை உயர்த்திக் காட்டினால் கடலடியில் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று பொருளல்ல, ‘மேலே போக வேண்டும்’ என்று பொருள். புதியவர்கள் பலரும் இதில் தடுமாறுவார்கள். உண்மையான சவால் முதல் சில மீட்டர்களில் காதில்தான் தெரியும். மூக்கை விரல்களால் அழுத்தி மூடி மென்மையாக ஊதினால் அடைப்பு விடுபடும். வலி வரும் வரை காத்திராமல் ஒவ்வோர் அரை மீட்டருக்கும் இதைச் செய்ய வேண்டும். காது திறக்கவில்லையென்றால் பயிற்றுநரிடம் சைகை காட்டிச் சற்று மேலேறி மீண்டும் முயல வேண்டுமே தவிர, பொறுத்துக்கொண்டு இறங்கவே கூடாது. சளி பிடித்திருந்தால் அன்று இறங்க வேண்டாம். மாத்திரை போட்டு அடைப்பை நீக்கிக்கொண்டு இறங்கினால், அதன் வேகம் நீருக்கடியில் குறையும்போது மேலே வருவதே வேதனையாகிவிடும். அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. இது மற்ற எல்லா விதிகளுக்கும் மேலானது.

இனிப் பணக் கணக்கு. நான் இங்கே தரும் தொகைகள் தோராயமானவை, பருவத்துக்கேற்ப மாறும். அறிமுக முக்குளிப்பு ஒருவருக்கு 4,000 முதல் 6,500 ரூபாய் வரை ஆகலாம். கரையிலிருந்து இறங்குவது குறைவு, படகில் சென்று இறங்குவது அதிகம். ஹேவ்லாக்கில் எளிய அறைகள் 2,000 முதல் 2,500 ரூபாய்க்குக் கிடைக்கும். விஜயநகர், கோவிந்தநகர் பகுதிகளில் தங்கினால் பல முக்குளிப்பு மையங்கள் அருகிலேயே இருப்பதால் வாகனச் செலவும் குறையும். இருவரும் இரண்டாம் நாள் அறிமுக முக்குளிப்பு செய்து, மூன்றாம் நாள் படகில் இன்னொரு முறை இறங்கினால் அதற்கு மட்டும் சுமார் 22,000 ரூபாய், நான்கு இரவு தங்கல் 10,000, உணவு 7,000, தனியார் விரைவுக் கப்பலில் போய்வர இருவருக்கும் 7,000 என வைத்தாலும் ஸ்கூட்டர் வாடகைக்கும் எதிர்பாராச் செலவுக்கும் 4,000 மிஞ்சும். சான்றிதழ் வழியைத் தேர்ந்தால் இந்தத் தொகையில் அடங்காது. ஊரில் செய்யும் பயிற்சிச் செலவைத் தனியே ஒதுக்க வேண்டும்.

செலவைக் குறைக்க வேண்டிய இடம் கப்பலும் அறையும்தான். அரசுக் கப்பல் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கிளம்பி இரண்டரை மணி நேரம் போல எடுத்துக்கொள்ளும். தனியார் கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் சேரும். அரசுக் கப்பலில் கட்டணம் வெகுவாகக் குறைவு, ஆனால் பயணத் தேதிக்குச் சில நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும். எனவே போகும்போது நேரம் முக்கியம் என்பதால் தனியார் கப்பல், நான்காம் நாள் அவசரமில்லாமல் திரும்பும்போது அரசுக் கப்பல் என்று பிரித்துக்கொள்வது நல்ல சமரசம்.

முக்குளிப்பு மையத்தில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். சுற்றுலாத் தொகுப்புகளில் ‘ஸ்கூபா இலவசம்’ என்று இருப்பது, பெரும்பாலும் கலங்கிய ஆழமற்ற நீரில் சில நிமிடங்கள் இறக்கிப் படம் எடுத்துத் தருவதோடு முடிந்துவிடும். முன்பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: கரையா படகா, பயிற்சி நேரம் நீங்கலாக நீருக்கடியில் எத்தனை நிமிடம், என் மனைவிக்கென்று தனியாக ஒரு பயிற்றுநர் இருப்பாரா, படகில் ஆக்சிஜன் உருளை உண்டா, கடல் மோசமானால் பணம் திரும்பக் கிடைக்குமா. நேரான விடை தராத மையத்துக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் போக வேண்டாம்.

புறப்படும் முன் கோவையிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. முக்குளிப்புக்கு முன் மருத்துவக் கேள்விப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு ‘ஆம்’ என்று குறித்தால் மருத்துவரின் ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இறங்கவே கூடாது. தீவில் போய் மருத்துவரைத் தேடி அரை நாளை இழப்பதைவிட, அந்தப் படிவத்தை மையத்திடமிருந்து முன்பே வாங்கி, தேவையானால் உங்கள் மருத்துவரிடம் கையெழுத்து பெற்றுச் செல்லுங்கள். உண்மையை மறைத்து ‘இல்லை’ என்று எழுதுவது உயிருக்கே ஆபத்து. பயணக் காப்பீடு எடுப்பதாக இருந்தால், அதில் ஸ்கூபாவும், உடலில் நைட்ரஜன் குமிழிகள் உண்டானால் தரப்படும் அழுத்த அறைச் சிகிச்சையும் அடங்குமா என்பதைப் பார்த்து வாங்குங்கள். பல சாதாரணக் காப்பீடுகளில் அவை அடங்குவதில்லை.

கைச்செலவுக்கான ரொக்கத்தை ஸ்ரீ விஜயபுரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள், ஹேவ்லாக்கில் ஏ.டி.எம். மிகக் குறைவு. கடலில் கண்ட பவளத் துண்டையோ சங்கையோ நினைவாக எடுத்துவர வேண்டாம். பவளம் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டது, விமான நிலையச் சோதனையில் பிடிபட்டால் வழக்கு வரும்.