தானமாக வந்த மாட்டுக்கும் பல் பார்க்க வேண்டும்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, நண்பர்கள் சிலர் சேர்ந்து, துண்டு நிலம் வைத்திருக்கும் பத்து ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு கறவை மாடு வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். மாடு வந்துவிட்டால் குடும்பம் தலையெடுத்துவிடும் அல்லவா?

பதில்: தலையெடுத்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன், மாடு வந்த பிறகு கடனாளியான குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் பணியில் இருந்தபோது ஓர் அம்மாள் இலவசமாகக் கிடைத்த பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் ஈற்று, பத்து லிட்டர் கறக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு லிட்டரைத் தாண்டவில்லை. மாட்டின் வயதைப் பல் சொல்லிவிடும் என்பதால் வாயைத் திறந்து பார்த்தேன். எட்டுப் பல்லும் முளைத்து, தேயவும் தொடங்கியிருந்தது. ஐந்தாறு கன்று ஈன்ற மாடு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொல்லி வைத்தவர் மாட்டைக் கொடுத்தவராகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கும் பத்து மாடுகளையும் பல் பார்த்து, இரண்டு வேளை கறந்து பார்த்து வாங்குங்கள். கூடவே அந்தக் குடும்பத்துப் பெண்ணை அழைத்துப் போங்கள். தேர்வு அவருடையதாக இருக்கட்டும்.

அடுத்தது தீனி. கலப்பினப் பசுவுக்கு உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளவே தினம் ஒன்றரை கிலோ அடர்தீவனம் (தவிடு, புண்ணாக்கு, தானியம் கலந்தது) வேண்டும். அதோடு, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ கூடுதலாக. பசுந்தீவனம் 25 கிலோவுக்குக் குறையக் கூடாது. தண்ணீர் 60 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். இவ்வளவையும் சுமப்பது யார்? பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். அவருக்கு முடியாத நாளில் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிடுகிற மகள். கொடுக்கிறவர்கள் மாட்டின் விலையைக் கணக்குப் போடுகிறார்கள். இந்தப் பெண்களின் மணி நேரங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கொஞ்சம் நிலத்தில் தீவனப் புல் நட்டு, அது அறுவடைக்கு வந்த பிறகு மாட்டைக் கொண்டுபோய்க் கட்டுங்கள். பலர் மாட்டைக் கொடுத்துவிட்டுப் புல்லைப் பற்றி யோசிக்கிறார்கள்.

அந்த அம்மாளிடம் வருகிறேன். பிறகு ஒருமுறை அவருடைய கொட்டகைக்குப் போயிருந்தேன். தீவனத் தொட்டிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கரிக்கோடுகள். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட நாளிலிருந்து விடிந்தால் ஒரு கோடு. பதினெட்டாவது கோட்டிலிருந்து மாட்டை விட்டு நகர மாட்டாராம். இருபத்தொன்றை ஒட்டி மாடு மீண்டும் பருவத்துக்கு வந்து கத்தினால் சினை பிடிக்கவில்லை என்று பொருள். கவனிக்காமல் விட்டால் இன்னொரு இருபத்தொரு நாள் தீனி வீண். எழுதப் படிக்கத் தெரியாதவர். என் அலுவலகப் பதிவேட்டைவிட அந்தச் சுவர் ஒழுங்காக இருந்தது. கிழட்டு மாடு சினை பிடித்துக் கிடாரிக் கன்று (பெண் கன்று) போட்டது. அந்தக் கன்று வளர்ந்து தானும் ஈன்ற பிறகுதான் வீட்டில் பால் பணம் மிஞ்சியது. மூன்று ஆண்டுகளுக்கு மேல்! ஆகவே சினை ஊசிக்கும் மருத்துவத்துக்கும் குறைந்தது இரண்டு ஈற்று வரை நீங்கள் துணை நிற்க வேண்டும். அதற்குப் பணம் போதாது என்றால் பத்து மாட்டை ஆறாகக் குறையுங்கள்.

நல்லது நடக்காமல் இல்லை. ருவாண்டாவில், ஏழைகளுக்குக் கால்நடை கொடுக்கும் ஹெய்ஃபர் என்ற தொண்டு அமைப்பிடம் மாடு பெற்ற குடும்பங்களை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியானது. அந்த வீடுகளில் பால் அருந்துவது நன்றாகக் கூடியிருந்தது. சின்னப் பிள்ளைகளின் வளர்த்தியிலும் முன்னேற்றத்துக்கான அறிகுறி தெரிந்தது. ஆனால் கறந்ததெல்லாம் விற்பனைக்குப் போனால் பிள்ளை எப்படி வளரும்? ஒரு டம்ளராவது வீட்டில் நிற்க வேண்டும்.

கேள்வி: மாடு பெற்றவர் முதல் பெண் கன்றை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாமா?

பதில்: போடலாம். பழைய வழக்கம்தான். மேலே சொன்ன ஹெய்ஃபர் அமைப்பு, டேன் வெஸ்ட் என்ற அமெரிக்க விவசாயி தொடங்கியது. 1944-இல் பதினேழு கிடாரிகளைக் கப்பலேற்றி போர்ட்டோ ரிக்கோவுக்கு அனுப்பினார்கள். பெற்றவர் பெண் கன்றைப் பிறருக்குக் கொடுப்பது அவர்கள் ஏற்பாடு. 2006-இல் ருவாண்டா அரசு ஏழைக் குடும்பங்களுக்கு மாடு கொடுக்கத் தொடங்கிய கிரிங்கா திட்டத்திலும் இதே முறை உண்டு. வாங்கியவர் நாளைக்குக் கொடுப்பவராகி நிமிர்ந்து நடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஆனால் மாடு உங்கள் கணக்குப்படி ஈனாது. காளைக் கன்றாகப் போடலாம், கன்று இறந்தும் போகலாம். என்னைக் கேட்டால் முதல் பெண் கன்று அந்த வீட்டுக்கே, இரண்டாவது ஊருக்கு. மேலே சொன்ன அம்மாள் முதல் கன்றைக் கொடுத்திருந்தால் அவருக்கு மிஞ்சியது பல் தேய்ந்த மாடு மட்டும்தான்.

கேள்வி: கொடுத்த மாட்டை விற்றுவிட்டால்? விற்கக் கூடாது என்று எழுதி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அவர்களுக்கு அவசரத்துக்கு உதவுவது அந்த மாடு ஒன்றுதான். நீங்கள் தடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பாதி விலைக்கு ஓட்டிவிடுவார்கள்.