இரண்டு ஊர், ஒரே டேட்டா: கேள்வி பதில்

சார், சென்னை டேட்டாபேஸை மும்பையில் உடனுக்குடன் மிரர் செய்ய (அப்படியே நகலெடுத்து வைக்க) முடியுமா? ஒரு பதிவுகூடத் தொலையக் கூடாது.

முடியும், ஆனால் வேகம் அடிபடும். எதுவும் தொலையக் கூடாது என்றால், மும்பையிலிருந்து "எழுதியாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் இங்கே கமிட் (பதிவை உறுதிசெய்வது) முடியும். பைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் 100 கிலோமீட்டர் போய்வர 1 மில்லிவிநாடி. சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டிலேயே 1,000 கிலோமீட்டருக்கு மேல், கேபிளோ சுற்றித்தான் போகும். ஒவ்வொரு கமிட்டுக்கும் 10 மில்லிவிநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். பேண்ட்விட்த் எவ்வளவு வாங்கினாலும் இது குறையாது. இவ்வளவு தூரத்துக்கு அசின்க்ரனஸ்தான் சரி, அதாவது இங்கே உடனே முடித்துவிட்டு அங்கே பின்னால் அனுப்புவது. தளம் விழுந்தால் கடைசிச் சில விநாடி டேட்டா தொலையலாம், அதற்குச் சம்மதம் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மிரர் வந்தாச்சு, பேக்கப்பை நிறுத்தலாமா அண்ணா?

கூடாது. இங்கே தவறாக அழித்தால் அங்கேயும் அழியும்.

இரண்டு ஊருக்கும் நடுவே லிங்க் எவ்வளவு வேகத்தில் வேண்டும்?

சராசரியைப் பார்க்காதீர்கள். மாதக் கடைசி நெரிசலில் எவ்வளவு எழுதப்படுகிறது என்று அளந்து வாங்குங்கள். முதல் நகலையும் கணக்கில் வையுங்கள்: 100 எம்பிபிஎஸ்ஸில் 10 டெராபைட் போக 9 நாளுக்கு மேல் ஆகும். டிஸ்கில் எடுத்துப் போவதே மேல்.

ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடம் போதாதா?

போதாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில், ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் வளாகத்தில் ஒரு கட்டடம் முழுக்க எரிந்தது, பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போனது.

லிங்க் அறுந்தால் இரண்டாவது தளம் தானாக முதன்மையாகட்டும். எது முதன்மை என்று முடிவு சொல்ல மூன்றாவது இடத்தில் நடுவர் சர்வர் எதற்கு? வீண்செலவு.

லிங்க் அறுந்ததா, எதிர்த்தளம் செத்ததா என்று இரண்டு தளத்துக்கும் தெரியாது. நடுவர் இல்லாவிட்டால் இரண்டுமே முதன்மையாகி, இரண்டிலும் எழுதத் தொடங்கும். அப்புறம் இரண்டையும் சேர்ப்பது பெரும்பாடு.

2018 அக்டோபரில் கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையதளம்) பெரும்பான்மை முறை, அதாவது அதிக சர்வர்கள் ஒப்பினால்தான் முதன்மை மாறும் ஏற்பாடு, இருந்தும் சிக்கியதே?

நல்ல கேள்வி. 43 விநாடி இணைப்புத் துண்டிப்பில் முதன்மைப் பொறுப்பு அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து தானாக மேற்குக் கரைக்குப் போனது. ஆனால் கிழக்கில் கடைசியாக எழுதியவை மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கிலோ புதிதாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். சரிசெய்ய 24 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதனால் நடுவரும் வேண்டும். அசின்க்ரனஸ் என்றால், தளம் மாற்றுவதை ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யவும் வேண்டும்.

ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கெடுநிரல்) வந்தால் மிரர் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. பூட்டப்பட்ட கோப்புகளையே அங்கேயும் எழுதும். பேக்கப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள்.