தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன ஊர்களுக்குக்கூட அந்தக் காலத்திலேயே ரயில் வந்தது எப்படி? யார் பணம் போட்டது?

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். பெரியப்பா மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலக் குறுகிய தண்டவாளம்) காலத்தில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது ஸ்டேஷனில் தண்டவாளத்தை மாற்றிவிடுபவராக, இருந்தவர். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ரயில் சென்னையிலிருந்து வரவில்லை, கடலிலிருந்து வந்தது. ராயபுரத்தில் 1856ல் ரயில் ஓடியதை எல்லோரும் சொல்வார்கள். அது மெட்ராஸ் ரயில்வே. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற வேறொரு கம்பெனி நாகப்பட்டினம் துறைமுகத்தில் தொடங்கி மேற்கே பாதை போட்டது. 1861ல் திருவாரூர், தஞ்சாவூர் வரை வந்துவிட்டார்கள், 1862ல் திருச்சி. அதுவும் முதலில் அகலப் பாதைதான்! 1874ல் இந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது, அடுத்த வருடமே நாகப்பட்டினம் பாதையை மீட்டர் கேஜாக மாற்றினார்கள், அதைத் திரும்ப அகலமாக்க நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாகப்பட்டினத்தில் பெரிய ரயில்வே பட்டறையும் இருந்தது. 1920களின் கடைசியில் அதைத் திருச்சிப் பக்கம் பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள், 1928ல் நடந்த பெரிய ரயில்வே வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் கைதானதும் அந்தச் சமயத்தில்தான். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறப் போன ஜனமெல்லாம் நாகப்பட்டினத்துக்கு இந்த ரயிலில்தான் வந்து இறங்கியது.

சரி, பணம் யார் போட்டது? எனக்கு ரொம்பப் பெருமையான விஷயம் இது. மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை)–முத்துப்பேட்டை பாதையைப் போட்டது லண்டன் கம்பெனி இல்லை, தஞ்சாவூர் ஜில்லா போர்டு. ரோடும் சத்திரமும் பார்த்துக்கொண்டிருந்த அதே போர்டுதான். நிலவரியோடு சேர்த்து ரயிலுக்கென்று ஒரு செஸ் (கூடுதல் வரி) போட்டு, வருடக்கணக்கில் சேர்த்து வைத்து, 1894ல் திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக 54 மைல் பாதையைத் திறந்தார்கள். சொத்து போர்டுடையது, வண்டி ஓட்டுவது மட்டும் சவுத் இந்தியன் ரயில்வே. அப்புறம் பட்டுக்கோட்டை, 1903ல் அறந்தாங்கி என்று நீட்டிக்கொண்டே போனார்கள். இதே வழியில் பிற்பாடு கிருஷ்ணா ஜில்லா போர்டு பெஜவாடா (இன்றைய விஜயவாடா)–மசூலிப்பட்டணம் பாதையையும், கோயம்புத்தூர் ஜில்லா போர்டு போத்தனூர்–பொள்ளாச்சி பாதையையும் போட்டன. நெல் விளைவித்தவன் கட்டிய வரியில் வந்த ரயில் இது. ராயபுரம் கட்டடத்துக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

கிளைப் பாதைகளும் உண்டு. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898ல் வந்தது, காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. மாயவரம்–தரங்கம்பாடி 1926ல்: ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று போகும். இரண்டையும் 1980களில் நஷ்டக் கணக்குக் காட்டி மூடினார்கள். பேரளம்–காரைக்காலுக்குத் திரும்பத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள், தரங்கம்பாடிக்கு இன்னும் இல்லை.

ஸ்டேஷன்கள் எப்படி இருந்தன என்றும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், டிக்கெட் கொடுக்க ஒரு பொந்து, வெளியே ஒரு வேப்பமரமோ தூங்குமூஞ்சி மரமோ. உள்ளே ஸ்டேஷன் மாஸ்டர் மேசைக்குப் பக்கத்தில் டோக்கன் கருவி இருக்கும். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் அடுத்த ஸ்டேஷன்காரர் மணியடித்து ஒப்புக்கொண்டால்தான் அதிலிருந்து இரும்பு உருண்டை ஒன்று வெளியே வரும், அது கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அந்த உருண்டையைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, நிற்காமல் போகிற வண்டிக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். என்ஜினில் இருப்பவர் கையை விட்டு வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தை பிளாட்பாரத்தில் வீசிவிட்டுப் போவார். பெரியப்பா இதை ராத்திரியில் தீவட்டி வெளிச்சத்தில் மழையில் நின்று செய்ததைச் சொல்லும்போது எங்களுக்குக் கதை கேட்கிற மாதிரி இருக்கும், அவருக்கு வேலை. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் மீன் கூடைகள் ஏறினால் பெட்டி முழுக்க வாடை அடிக்கும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அகலப் பாதை வேலையில் இந்தப் பழைய கட்டடங்கள் நிறையப் போய்விட்டன. திருவாரூர்–காரைக்குடி பாதை பல வருடம் மூடிக் கிடந்து 2019ல் திறந்தது. அப்போது ரோடு குறுக்கே வரும் ரயில்வே கேட்டுகளுக்கு ஆள் போடாததால், கேட் கீப்பர் வண்டியிலேயே வந்தார்: கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், அவர் இறங்கிக் கேட்டை மூடுவார், வண்டி தாண்டி நிற்கும், இன்னொருவர் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார், திரும்ப அடுத்த கேட். 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. செஸ் கட்டிப் பாதை போட்டுக்கொண்ட ஜனத்துக்கு இது நடந்தது எனக்கு இன்றும் கோபம்தான்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் மயிலாடுதுறையில் இறங்கி திருவாரூர் போகிற பாசஞ்சரைப் பிடியுங்கள், 1894ல் போட்ட தடம் அதுதான். திருவாரூரில் இறங்கி நாகப்பட்டினம் வண்டி ஏறினால் 1861ன் தடம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.